ஏலக்காய்க் குவியலில் படித்து அம்மா வாங்கிய வயர்லெஸ் உரிமம்

சென்னையில் வயர்லெஸ் உரிமத்துக்கான தேர்வு நடந்த காலையில் அம்மாவும் நானும் மட்டுமே இருந்தோம். அப்பா வரவில்லை, தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்போடு மலைக்குப் போயிருந்தார். "அம்பது வயசுல பரீட்சையா? ஊரு சிரிக்கும்" என்ற அத்தை, போடி ரயிலடி வரைக்கும்கூட வரவில்லை. அம்மாவின் முதலாண்டு நினைவுநாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் அந்தக் காலைக்கு அம்மா வந்துசேர்ந்த வழியை அறியவேண்டும் என்று எழுதுகிறேன்.

அம்மா சிலமலையில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக் களையெடுக்க அனுப்பிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். அந்தக் கட்டணமெல்லாம் அம்மா ஏலக்காய்க் கிடங்கில் உட்கார்ந்து சம்பாதித்தது. பருமன், நடுத்தரம், பொடி, வெடித்தது என்று காய்களை நான்கு குவியலாகப் பிரிப்பதே அங்கே அவருக்கு வேலை.

நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது ஓர் ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்து, அப்பா மேலே மாட்டிக்கொண்டார். கைபேசியில் சிக்னல் இல்லை. இரண்டு நாள் அம்மா சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள், தனியாள் வயர்லெஸில் பேச அரசு தரும் அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். எஸ்டேட்டில் அதே உரிமம் உள்ள கணக்குப்பிள்ளையோடு வயர்லெஸில் பேசியதாகவும், ஜீப்பும் ஆட்களும் பத்திரம் என்றும் சொன்னார். கூடவே, தான் மகனோடு வெளியூருக்குக் குடிபோகப் போவதையும் சொன்னார்.

"அப்ப அடுத்த மழைக்கு யாருண்ணே சேதி சொல்லுவா?" என்றார் அம்மா.

"பரீட்சை எழுதுனா நீங்களே சொல்லலாம்மா. தொடக்கநிலைப் பரீட்சைதான். பெரிய படிப்பெல்லாம் கேக்க மாட்டாக."

"அப்ப நான் எழுதுறேன்."

நானும் சேர்ந்துகொண்டேன். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு சொல்லின் தலைமேலும் நான் தமிழில் பொருள் எழுதினேன். அம்மா அந்த ஆங்கிலச் சொல்லை முகம் பார்த்து ஆளை அறிவதுபோல் அறிந்துகொண்டார். கேள்விகளையும் நான்கு விடைகளையும் என் குரலில் கைபேசியில் பதிந்து கொடுத்தேன். கிடங்கில் காதில் மாட்டிக் கேட்டபடியே காய் பிரித்தார். விடையைக் குறிக்கக் கை ஒழியாததால், முதல் விடை சரியென்றால் கையிலிருந்த காயை முதல் குவியலில் போட்டார், இரண்டாவது என்றால் இரண்டாவதில்.

சாயங்காலம் மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். "என்ன ஆத்தா, பொடிக்குள்ள பருமன் கெடக்கு, பருமனுக்குள்ள வெடிச்சது கெடக்கு! கண்ணு தெரியலையா?"

"கண்ணு நல்லாத் தெரியுதுண்ணே. ஆண்டெனா பதிலு ரெண்டாவதுல விழுந்துருச்சு."

கிடங்கே சிரித்தது. ஒரு மூட்டை முழுவதையும் அம்மா மறுபடி பிரித்தார்; அரைநாள் கூலியும் போயிற்று. மறுநாளிலிருந்து விடைக்கென்று தனியே புளியங்கொட்டை கொண்டுபோனார்.

அப்பாவுக்கு வேறொரு நினைப்பு இருந்தது. "லைசென்சு வரட்டும். மேலேருந்து ஏல வெலையக் கேப்பேன், வெரசாச் சொல்லணும்."

"யாவாரம் பேசுனா லைசென்சப் புடுங்கிருவாக. பாடத்துல இருக்கு" என்று அம்மா அவர் வாயை அடைத்தார்.

விதிகளை அவர் அப்படிப் படித்தார். நானோ, விதிதானே என்று புரட்டிவிட்டுப் போனேன். முடிவு வந்தபோது அம்மாவின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

"விடு அப்பு. அடுத்த வாட்டி எழுது, நான் சொல்லித் தர்றேன்" என்றார் அம்மா. சொல்லியும் தந்தார். இரண்டாம் முறை நானும் தேறினேன்.

உரிமம் கைக்கு வந்த பிறகு பெய்த பெருமழையில் மறுபடியும் பாதை அடைந்தது. கிடங்குப் பெண்கள் எங்கள் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள். நாங்கள் வாங்கி வைத்திருந்த பழைய வயர்லெஸ் பெட்டிமுன் உட்கார்ந்து, உரிமத்தோடு கிடைத்த தன் அழைப்புக்குறியைச் சொல்லி அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நெடுநேரம் இரைச்சல்தான். பிறகு எஸ்டேட் கணக்குப்பிள்ளையின் மலையாளம் கலந்த குரல் வந்தது: "சேச்சி, மூணு ஜீப்பும் இவிடெ உண்டு. பேரு சொல்றேன், எழுதிக்கோ."

அம்மா ஒவ்வொரு பெயராகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து எழுதினார். அப்பாவின் பெயரும் அதில் இருந்தது. வாசலுக்கு வந்து, "உம் வீட்டுக்காரரு இருக்காரு. ஏத்தா, உம் மகன் இருக்கான். அழுகாதடி, உந்தம்பியும் இருக்கான்" என்று ஆள் ஆளாகப் பார்த்துச் சொன்னார். ஒரு பெயர்கூட விடுபடவில்லை. அம்மா அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்த கடைசி மாதங்களிலும் வயர்லெஸ் பெட்டி கட்டிலருகே இருந்தது. மழை இருட்டினால், "போட்டு வையி" என்பார். இப்போது அதன்முன் நான் உட்காருகிறேன்.

வழிகாட்டிய மருந்துக்கடைக்காரருக்கும், மேலிருந்து குரல் கொடுத்த கணக்குப்பிள்ளைக்கும், மருத்துவமனையில் அம்மாவைத் தாங்கிய செவிலியருக்கும், காரியத்தன்று தோள் கொடுத்த ஜீப்பு ஓட்டுநர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. உரிமமும் வயர்லெஸ் பெட்டியும் வாங்க லட்சக்கணக்கில் ஆகியிருக்குமே என்று பலர் கேட்டார்கள். தேர்வுக்கும் உரிமத்துக்கும் கட்டியது, சென்னைக்குப் போய்வந்தது, பழைய பெட்டி, கம்பி, ஆண்டெனா எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.