பேசக் கூடாத டீச்சரின் வகுப்பு

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மைக் டீச்சர் என்று பெயர். சக ஆசிரியைகளில் யாரோ ஒருத்தி வைத்தது. பொருத்தமாகத்தான் வைத்திருந்தாள். இரண்டாம் வகுப்பில் இவள் "திஸ் இஸ் எ விண்டோ" என்று ஆரம்பித்தால், மாடியில் இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் குரல் அவள் கேட்டு வாங்கியதில்லை. அப்பா மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தார். வீடு மில் சுவரை ஒட்டியே இருந்தது. ரம்பம் ஓடும்போது ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், இவள் ஏதோ கோபமாக இருக்கிறாள் என்றே புகுந்த வீட்டார் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். வார்த்தையை அளந்து செலவழிக்கிறவன். அவன் பாதி வாக்கியம் சொன்னால் மீதியை இவளே சொல்லி முடித்துவிடுவாள். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அவளிடம் ஒரே வழிதான் இருந்தது. அவள் சொல்வாள், பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படம் வெட்டி, அட்டையில் ஒட்டி, அடுத்த வாரத்துக்குத் தயாராகிவிடுவாள். பழம், பறவை, வண்டி வாகனம் என்று அட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அட்டையைக் காட்டியதும் சொல்லும் பிள்ளைகள், ஆங்கிலத்தில் தாங்களாக ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் அந்த மொழி காதிலேயே விழாத பிள்ளைகள். வயது கூடினால் வரும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்த வருடம் மழைக்காலத்தில் குரல் கம்மத் தொடங்கியது. வெந்நீர் குடித்தாள், மாத்திரை சப்பினாள், வகுப்பில் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கத்தினாள். ஒரு நாள் காலையில் வருகைப் பதிவு எடுக்க வாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது.

தொண்டை டாக்டர் உள்ளே குழாயை விட்டுப் பார்த்தார்.

"சுத்தியல் பிடிக்கிறவங்களுக்குக் கையில காய்ப்பு வரும் பாத்திருக்கீங்களா? உங்க குரல் நாண்ல அது வந்திருக்கும்மா. கொஞ்ச நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அவள் ரகசியக் குரலில் ஏதோ கேட்கப் போனாள்.

"அதுவும் கூடாது. குசுகுசுன்னு பேசினாலும் தொண்டைக்குக் கஷ்டம்தான். முழு ஓய்வு கொடுத்தீங்கன்னா தானா சரியாயிடும்."

வீட்டில் இருந்துகொள்ளலாம் என்றால் விடுப்பு இல்லை. கணவன் வேலையில் சறுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து கிடந்தபோது எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. தலைமையாசிரியை கண்டிப்பானவர், ஆனால் மனசு இல்லாதவர் இல்லை. "வகுப்புல வந்து சும்மா உக்காருங்க. போர்டுல எழுதிப் போடுங்க, பிள்ளைங்க பாத்து எழுதட்டும். போதும்," என்றார்.

முதல் நாள் அப்படித்தான் செய்தாள். பிள்ளைகள் கொஞ்ச நேரம் எழுதினார்கள். அப்புறம் ஒருவன் பென்சில் சீவப் போனான். அவன் பின்னாலேயே நாலு பேர் போனார்கள். சத்தம் மெல்ல மெல்ல ஏறிக் கூரையைத் தொட்டது. அவள் கை தட்டினாள், மேசையைத் தட்டினாள். யார் காதிலும் விழவில்லை. இத்தனை வருட அனுபவம் இருந்தும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அறை வேறு புழுங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, ஜன்னலைத் திற என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினாள். கையைச் சேர்த்து, விரித்து, மறுபடி சேர்த்து, விரித்து. அந்தப் பெண் யோசித்துப் பார்த்தாள்.

"ஸ்விம்மிங்," என்றாள்.

இல்லை என்று டீச்சர் தலையாட்டினாள். மறுபடி காட்டினாள்.

"டீச்சர், ஃப்ளையிங்," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"இல்லடா. டான்ஸிங்."

"பட்டர்ஃப்ளை, டீச்சர்."

பென்சில் சீவப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒருவன், "ஓபன் தி விண்டோ," என்று சொல்லி எழுந்து போய்த் திறந்தும் விட்டான். காற்று உள்ளே வந்தது. டீச்சர் அவனைப் பார்த்துத் தலையசைத்தபோதுதான் வகுப்பு அமைதியாகிவிட்டதைக் கவனித்தாள். அத்தனை கண்ணும் அவள் கையின் மேல் இருந்தது. அடுத்தது என்ன என்று காத்திருந்தார்கள்.

அவளிடம் அடுத்தது எதுவும் இல்லை. சும்மா பல் தேய்ப்பதுபோல் காட்டினாள். பஸ்ஸுக்கு ஓடினாள், தவறவிட்டாள், தலையில் அடித்துக்கொண்டாள். மணி அடிக்கும்வரை பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டித் தீர்த்தார்கள். இவ்வளவு வார்த்தை இவர்களுக்குத் தெரியுமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் கையில் கிடைத்ததை வைத்து ஆடினார்கள். மேசைமேல் சாவி, சீப்பு, ரப்பர், டம்ளர், கைக்கடிகாரம் ஆகியவற்றை வைத்து எல்லாரையும் பார்க்கச் செய்தாள். கைக்குட்டையால் மூடி, ஒன்றை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிறகு திறந்தாள். எது காணவில்லை என்று சொல்ல வேண்டும். இன்னொரு நாள், பந்தாகக் கசக்கிய காகிதத்தை வீசுவாள். பிடித்தவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வீச வேண்டும். போர்டில் ஒரு கோடு போட்டு நிறுத்துவாள். என்னவாக இருக்கும் என்று கேள்விகள் வரும். இன்னொரு கோடு. மறுபடி கேள்வி.

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது டீச்சருக்கே கட்டளை போடுவதுதான். அதில் ஒருத்தியை மிஞ்ச ஆளில்லை. எல்லாரையும் அதட்டிக்கொண்டே இருப்பதால் வகுப்பில் அவளுக்குப் பெரிய மனுஷி என்று பட்டம். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், டச் யுவர் நோஸ்."

டீச்சர் வேண்டுமென்றே காதைத் தொட்டாள்.

"நோ, டீச்சர். நாட் இயர். நோஸ்," என்று வகுப்பே திருத்தியது.

"டீச்சர், ஸிட் ஆன் தி ஃபேன்," என்றாள் பெரிய மனுஷி.

டீச்சர் அண்ணாந்து சுழலும் மின்விசிறியைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து அதற்கு நேர் கீழே போட்டு, ஏறுவதற்குத் தயாராகப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிள்ளைகள் பதறிப்போனார்கள்.

"நோ, நோ, ஆன் இல்ல. அண்டர். அண்டர் தி ஃபேன், டீச்சர்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து நிம்மதியாகக் கையை ஆட்டிக் காற்று வாங்கினாள். 'ஆன்', 'அண்டர்' இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட அவள் வருடா வருடம் நாலு அட்டை ஒட்டியவள்.

எல்லா நாளும் இப்படி அமைந்துவிடவில்லை. முன்னால் இருப்பவன் முதுகில் விரலால் எழுத்து எழுதி, அவன் கண்டுபிடித்துச் சொல்லும் விளையாட்டில், ஒருவன் விரலுக்குப் பதில் பென்சிலை எடுத்துவிட்டான். சட்டை கிழிந்து, முதுகில் கீறல். அடிபட்டவன் திரும்பி ஒரு அறை விட, அந்த வரிசையே கட்டிப் புரண்டது. நிறுத்து என்று சொல்லக் குரல் இல்லாமல் அவள் நடுவில் புகுந்து பிரித்துவிட வேண்டியிருந்தது. அவளுடைய முழங்கையிலும் ஒரு குத்து விழுந்தது. அன்றைக்கு அவளுக்கு ஒன்று புரிந்தது: ஆட்டம் சலிக்கும்வரை விடக் கூடாது. இன்னொரு தடவை என்று அவர்கள் கெஞ்சும்போதே முடித்துவிட வேண்டும். சலித்த பிறகுதான் பென்சில் கைக்கு வருகிறது.

அடுத்த அறைக் கணக்கு டீச்சர் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னதில் ஒரு நாள் தலைமையாசிரியை நேரில் வந்துவிட்டார். கதவைத் திறந்ததும் காகிதப் பந்து அவர் தோளில் பட்டு, தன்னையறியாமல் நீட்டிய கையில் விழுந்தது. டீச்சருக்கு விளக்கம் சொல்லக்கூட வாய் இல்லை.

பெரிய மனுஷிதான் எழுந்தாள். "மேடம், கிச்சன் திங். யூ ஸே."

தலைமையாசிரியை பந்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

"காஸ் சிலிண்டர்," என்றார்.

"வெரி குட், மேடம்."

அவர் சிரிக்கவில்லை. பந்தை முன் வரிசைப் பையனிடம் கொடுத்துவிட்டு, "கதவைச் சாத்திக்கிட்டு விளையாடுங்க," என்று சொல்லிப் போய்விட்டார். மாலையில் அறைக்குக் கூப்பிட்டு, "பேச்சு வருது, சரி. ஆனா எழுத்து வேலை பாதி நிக்குது. பெத்தவங்க கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். இவள் ஒரு தாளில், பாதி நேரம் எழுத்து, பாதி நேரம் ஆட்டம் என்று எழுதிக் காட்டினாள். அவர் 'பாதி நேரம் ஆட்டம்' என்பதை அடித்து 'கால்வாசி' என்று திருத்திக் கொடுத்தார். அதற்கு மேல் பேரம் பேச முடியாது.

வீட்டில் முதல் சில நாள் கணவன் திணறிப்போனான். குளிர்சாதனப் பெட்டி ஓடும் சத்தம் இவ்வளவு பெரிதா என்று கேட்டான். சாப்பிடும்போது, அவளுக்காகப் பேசுவதுபோல், ஏதாவது சொல்ல ஆரம்பித்தான். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நாய்க்குட்டியோடு நின்றுபோன கதை, உதிரிப் பாகம் வராத கதை. ஒரு மாலை, வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டான். வழக்கமாக இவள் முடித்துவைக்கும் இடம். இவள் காத்திருந்தாள்.

"கால் உடைஞ்சதிலருந்து மேல ஏறினா முட்டி நடுங்குது," என்றான். "வலி இல்ல. பயம்தான். கீழ லிஃப்ட் குழியப் பாத்தா கண்ணக் கட்டுது. யார்கிட்டயும் சொல்லல."

குரல் இருந்திருந்தால் டாக்டரைப் பாருங்க, கீழே பார்க்காதீங்க என்று பத்து யோசனை சொல்லியிருப்பாள். இப்போது அவன் கையின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அவன் இன்னும் நிறையச் சொன்னான். பட்டறையிலேயே மோட்டார் பழுது பார்க்கும் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாமா என்று இருப்பதாகவும், கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணுவார்களோ என்று யோசிப்பதாகவும் சொன்னான். அவள் கேளுங்கள் என்று தலையசைத்தாள். அடுத்த வாரமே கேட்டான், கிடைத்தது. கேலியும் பண்ணினார்கள், இரண்டு நாள்.

டாக்டர் பேசலாம் என்று அனுமதித்த மறுநாள் அவள் வகுப்பில் அணை உடைந்ததுபோல் பேசினாள். பழைய கடன் எல்லாம் சேர்த்துத் தீர்த்தாள். மத்தியானத்துக்குள் தொண்டை எரிந்தது. பிள்ளைகளைப் பார்த்தால் ஒருவன் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான், இருவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், தொண்டை மறுபடி கெட்டுப்போகும், பேசாதீங்க," என்றாள் பெரிய மனுஷி. அக்கறையா, அலுப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

குரல் பழையபடி திரும்பவும் இல்லை. மெலிந்து, கொஞ்சம் கரகரப்போடு நின்றுவிட்டது. மாடிக்கு இனி எட்டாது. அதனால் குறைவாகப் பேசினாள். மிச்ச நேரத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டவில்லை. சிலர் 'ஆன்', 'அண்டர்' தாண்டி நகரவே இல்லை. ஆனால் வாயைத் திறக்க யாரும் பயப்படவில்லை.

வருடக் கடைசியில் கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல். அந்த வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு வகுப்பும் வட்டமாக நின்றது. யார் காலுறையில் கோடு இருக்கிறதோ அவர்கள் இடம் மாற வேண்டும் என்றாள். அவள் சொன்னது பக்கத்தில் இருந்த நாலு பேருக்குத்தான் கேட்டது. அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். "சாக்ஸ்ல லைன். சேஞ்ச் பிளேஸ்," என்று வார்த்தை வட்டத்தைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. கோடு இருந்தவர்கள் ஓடினார்கள். பிறகு தலையில் ரிப்பன் கட்டியவர்கள், பல் விழுந்தவர்கள். கணக்கு வகுப்புப் பையன் ஒருவன் தானாகவே, "ஹூ லைக்ஸ் மழை?" என்று கத்த, கூடமே இடம் மாறியது.

மணி அடித்ததும் இரண்டு வகுப்பையும் பிரித்து அனுப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஒரு பெண் வகுப்பு மாறிப் போய் உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டுப் பையைத் தேடும்போதுதான் அது அவளுக்கே தெரிந்தது.