கப்பலில் காசு கட்டிச் சாப்பிட்ட மீன்

இன்று ஆவடி பஸ்ஸில் என் பின்சீட்டில் ஒரு புது ஜோடி. கப்பல் டூர் போகிறார்களாம். டிக்கெட்டோடு சேர்ந்த சாப்பாடே போதும் என்கிறாள் பெண். ஒரு வேளையாவது தனியாகக் காசு கட்டி, கப்பலில் இருக்கும் ஸ்பெஷல் ஹோட்டலில் சாப்பிடலாம் என்கிறான் பையன்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று திரும்பினேன்.

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் அந்தோணி சுற்றுலாக் கப்பலில் சமையல்காரர். லீவில் அம்பத்தூர் வந்தால் சுடுதண்ணி கூட வைக்க மாட்டார். ஒருமுறை மனைவியையும் கூட்டிவரக் கம்பெனி அனுமதித்தது. எனக்குப் பெரிய ஹாலில் மூன்று வேளையும் இலவசம். அவர் சமைப்பதோ காசு கட்டும் ஹோட்டலில்.

"அங்க கொள்ளை விலை ஸ்டெல்லா. நீ ஹால்லயே துண்ணு" என்றுவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, கைச்செலவுப் பணத்தோடு போய் உட்கார்ந்து மீன் கேட்டேன். பட்டுப்புடவையில் ஒரு அம்மா வந்திருப்பதாக சர்வர் உள்ளே சொல்லியிருக்கிறார். வெள்ளைத் தொப்பியோடு தட்டை எடுத்துவந்தவர் அந்தோணி.

"எப்டி கீது?" என்று மெல்லக் கேட்டார்.

ஒரு வாய் வைத்ததும் எனக்குப் பெருமையும் கோபமும் சேர்ந்து வந்தது. "இவ்ளோ நல்லா சமைக்கத் தெரிஞ்சி வெச்சிகினு, ஊட்ல என்னைய அடுப்புல வேக உட்டீங்களா?"

அடுத்த லீவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அவருடையது. இன்றுவரை.

கேட்டு முடித்த பெண் பையன் பக்கம் திரும்பினாள். "உனக்கு சமைக்கத் தெரியுமா?"

அதற்குள் என் ஸ்டாப் வந்துவிட்டது. அவன் என்ன சொல்லியிருப்பான் என்கிறீர்கள்?