பண்ணை நட்டத்தில் ஓடுது என்று வீட்டில் சொல்லாதீர்கள்

இன்று நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மா முன்னால், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி சுமதிக்குக் கொஞ்ச நாளாகக் கால் வீக்கம். முகமும் உப்பலாகத் தெரிந்தது.

"பண்ணைக்காரன் பொண்டாட்டின்னா இப்புடித்தான் பூசுனாப்புல இருக்கோணும்!" என்று கிண்டல் வேறு செய்தேன். (கூடவே சிரித்தேன். அதுதான் அசிங்கம்.)

இன்று காலை அவள் கால் செருப்புக்குள் நுழையவில்லை. பயந்துபோய் அழைத்துப் போனேன்.

ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்:

"கிட்னி, ஈரல் ரெண்டும் நல்லாருக்குங்க. ரத்தத்துல அல்புமின்தான் ரொம்பக் கொறைவு. தண்ணிய ரத்தக் குழாய்க்குள்ள புடிச்சு வெக்கிற புரதம் அது. சாப்பாட்டுல புரதம் இல்லீன்னா ஒடம்பு அத எதை வெச்சுச் செய்யும்? அது கொறைஞ்சா தண்ணி கசிஞ்சு கால்ல வந்து நிக்கும். நீங்க சதைன்னு நெனச்சது தண்ணிங்க. உள்ள சதை கரைஞ்சு போயிருக்குது. என்ன தொழில் பண்றீங்க?"

"முட்டைக் கோழிப் பண்ணைங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்!

ஷெட்டில் நாலு கோழி இறகு உதிர்த்தால் அன்றைக்கே தீவனத்தைப் பரிசோதனைக்கு அனுப்புகிறவன் நான். சுமதியின் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தபோது ஷாம்பூவை மாற்றச் சொன்னேன்.

"முட்டை சாப்புடறதில்லையாம்மா?" என்று டாக்டரம்மா சுமதியிடம் கேட்டார்.

"இல்லீங்க. வேண்டுதலுங்க. கோழிக்குச் சீக்கு வந்து பண்ணையே காலியாச்சுங்க. அப்ப வேண்டிக்கிட்டனுங்க, பண்ண நிமிர்ற வரைக்கும் ஒரு வேள ரசஞ்சோறு, மத்த நேரம் வரக்காப்பின்னு."

நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். தட்டில் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"பண்ண நிமிந்து ரொம்ப நாளாச்சே சுமதி!"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, நேத்துக்கூட நட்டம்னுதானுங்க சொன்னீங்க?"

பண்ணைக்காரர்களுக்கு இது புரியும். யார் கேட்டாலும் நட்டம் என்போம். முட்டை விலை ஏறினால் தீவன விலையும் ஏறிப்போச்சு என்போம். லாபம் என்று சொன்னால் கண் பட்டுவிடுமாம்!

ஊருக்குச் சொன்ன பொய்யை வீட்டிலும் சொன்னேன். ஒருத்தி அதை நம்பிப் பாதி வயிறாகக் கிடந்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"முட்டை, பருப்பு, பால்னு கொஞ்சங் கொஞ்சமா ஆரம்பிங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

வெளியே டீக்கடையில் அவளுக்கு அவித்த முட்டை வாங்கினேன். (நான் காசு கொடுத்து முட்டை வாங்கியது இதுதான் முதல் தடவை!)

அவள் ஓட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ராசிபுரத்திலிருந்து என் தாய்மாமா. அவரும் பண்ணைக்காரர்.

"மாப்ள, பண்ண எப்புடிப் போவுது?"

"எங்க மாமா, நட்டந்தான்..."

வாய் முந்திக்கொண்டது!

சுமதி உரித்த முட்டையைத் தட்டில் வைத்துவிட்டாள்.

பதறிப்போய் ஸ்பீக்கரில் போட்டேன். "இல்லீங்க மாமா, பொய் சொன்னேன். பண்ண நல்லா ஓடுது. லாபந்தானுங்க."

மாமா குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள... உண்மையச் சொல்லுங்க, எந்த ஆஸ்பத்திரில இருக்கறீங்க? இப்பவே வாரேன்!"

சுமதி சிரித்துக்கொண்டே முட்டையை எடுத்தாள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.