அக்கா தட்டில் என் கை

என் அக்கா அம்சவேணி நடந்தால், பின்னால் நின்று லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி ‘பீப் பீப்’ என்பேன். சத்தியவேட்டில் எங்கள் தெருவே சிரிக்கும். ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை, சொந்தச் சம்பளம் எல்லாம் இருந்தும், பெண் பார்க்க வந்த நாலு குடும்பமும் அவள் எடையைப் பார்த்துவிட்டுப் போனது. ஐந்தாவதாகச் சித்தூரிலிருந்து செல்லியம்மா தன் மகனுக்குக் கேட்டார். “பொண்ணு எளைச்சா பாக்கலாம்.”

அக்கா திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் வயிற்றை அறுத்துச் சின்னதாக்கிக்கொண்டாள். வெளியே சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கினாள்.

“போதும்னு வயிறு சொல்லும், அதைக் கேளும்மா” என்று டாக்டர் அனுப்பிவைத்தார். அக்காவுக்கு வயிறு எப்போது பேசியது? அம்மா கூலிக்குப் போன காலத்திலிருந்து எங்கள் வீட்டில் தட்டு காலியானால்தான் சாப்பாடு முடிந்தது. தட்டைப் பார்த்தே தின்று வளர்ந்தவள், ஆபரேஷனுக்குப் பிறகும் தட்டைக் காலி செய்வாள், வாந்தி எடுப்பாள்.

அதனால் அவள் நாலு வாய் தின்றதும் மிச்சத்தை நான் பிடுங்கித் தின்பேன். “திருட்டு நாயே, அவள துன்ன வுடுடா!” என்று அம்மா கரண்டியால் அடிப்பாள். அக்காவோ தட்டை என் பக்கம் கொஞ்சம் தள்ளுவாள்.

ஆறு மாதத்தில் அக்கா பாதியானாள். செல்லியம்மா வந்தார், திருமலை லட்டோடு.

“இன்னிக்கு ஒன் சேட்டைய காட்டுன, கொன்னுடுவேன்” என்றாள் அம்மா. நானும் தலைசீவி, கைகட்டி உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் நல்ல பிள்ளை.

செல்லியம்மா முழு லட்டை அக்கா கையில் வைத்தார். “பிரசாதம்மா. மிச்சம் வெக்காம துன்னு.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். “பெருமாள் பிரசாதம் ஒண்ணும் பண்ணாதுடி” என்று அம்மா அவள் காதில் சொன்னாள்.

கடைசித் துணுக்குவரை தின்றாள். வேர்த்துக் கொட்டியது. பின்பக்கம் ஓடினாள். வாந்திச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

“எத்தினி மாசம்?” என்றார் செல்லியம்மா.

வாயைத் துடைத்துக்கொண்டே வந்து அக்காதான் சொன்னாள்: “மாசமில்லிங்க. எளைக்க சொன்னீங்களே, வயித்த அறுத்துக்கினேன்.”

“ஐயையோ, அறுத்த வயிறா? நாளைக்கி புள்ள தங்குமா?”

காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

அம்மா அழுதுகொண்டே தட்டு நிறையச் சோறு போட்டு அக்கா முன்னால் வைத்தாள். “ஒருத்தனும் வாணாம். நீ துன்னு.”

“பசிக்குதாக்கா?” என்றேன்.

“தெரிலடா.”

தட்டில் கைவைத்தேன். அம்மா கரண்டியால் அடித்தாள். எனக்கும் பசியில்லை. காலியாகும்வரை தின்றேன்.