அடுப்புக்கு மேலே தொங்கிய மின்சுற்று

கொடைக்கானல் மேல்மலையிலுள்ள போளூரில் பூண்டு வெள்ளாமையைத் துறந்து விஞ்ஞானத்துக்குத் தன்னை அர்ப்பணித்த மகான் முத்துராஜ். பல வருடம் கழிந்து 2008ஆம் ஆண்டிலும் அவர் கொடைக்கானல் தனியார் ஆய்வுக்கூடமொன்றில் தற்காலிக ஊழியர்தான். உலகத்தில் எதுவுமே நிரந்தரமில்லை என்பார் இயக்குநர் இராமலிங்கம், தன் நாற்காலி நீங்கலாக.

முத்துராஜின் சோலி இதுதான்: வளையும் பிளாஸ்டிக் தாளின்மேல் மின்சாரம் கடத்தும் கரிமப் பூச்சு மெல்லிசாகப் படிந்திருக்கும். அதில் அதிவேக லேசரால் கோடு கிழித்து மின்சுற்று ஆக்க வேண்டும். லேசரின் ஒவ்வொரு துடிப்பும் மிகமிகக் குறுகியது. சூடு பரவ நேரமே கிடைக்காது. மேல்பூச்சு பறந்துவிடும், அடித்தாள் கருகாது. கோடு சரியாக விழுந்தால், சுருட்டினாலும் எரியும் விளக்கு தயார்.

அப்படி ஒரே ஒரு தாள் உருப்படியாக எரிந்தது. அதைப் பார்க்க மறுநாள் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் எரிந்தால் முத்துராஜுக்கு வேலை நிரந்தரம். ஆனால் மலைப்பாதையில் மண் சரிந்து, தாளை ஈரம் அண்டாமல் காக்கும் வாயு உருளை வத்தலக்குண்டிலேயே நின்றுவிட்டது. ஆய்வுக்கூடத்துக்குள்ளோ மேகம் விருந்தாளிபோல உலாவியது. முத்துராஜ் தாளை உறையிலிட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"ஈரம் பட்டா செத்துரும். பத்திரமா வையி" என்று மனைவி பொன்னுத்தாயிடம் நீட்டிவிட்டு, கவலை தாங்காமல் குறட்டை விட்டார்.

பொன்னுத்தாயும் போளூர்க்காரிதான். ஈரத்துக்கு ஆகாததை அந்த ஊரில் எங்கே வைப்பார்களோ, அங்கேயே வைத்தாள். உறையைப் பிரித்து, விறகடுப்புக்கு மேலே விதைப்பூண்டுக் கட்டுகளோடு புகையில் தொங்கவிட்டாள்.

வெள்ளனே எழுந்த முத்துராஜ் அலறினார். "அடிப்பாவி! கரிச்சட்டியாட்டம் கெடக்கு!"

"ஈரம் ஆகாதுன்னீங்க. பொகையில கெடந்தா பூண்டு வருசம் முச்சூடும் கெடாதுங்க."

"இது பூண்டாடி?"

"மேல உள்ளத மட்டும் எடுக்குற லேசரு வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் பீத்துனீங்கள்ல? கரிய எடுக்கச் சொல்லுங்க. வெரசா போங்க."

யோசனை நியாயமாகவே பட்டது. லேசரும் கரியை எடுத்தது. கூடவே, கரிக்கு அடியிலிருந்த பூச்சையும் ஒட்ட வழித்தது. அடித்தாள் மட்டும் கருகவேயில்லை; விஞ்ஞானம் சொன்ன சொல் தவறவில்லை.

மாற்றுப்பாதையில் சுற்றிக்கொண்டு வந்தவர்கள் முன்னால் இராமலிங்கம் சுவிட்சைப் போட்டார். மறுபடி போட்டார். பெரியவர் ஒருவர் பளிங்குபோல் மின்னிய தாளை வாங்கி முகர்ந்தார்.

"என்ன தம்பி, பூண்டு வாசம்?"

"மலைப்பூண்டு சார்."

"அடடே! நமக்குக் கிடைக்குமா?"

சாயங்காலம் வாசலிலேயே பொன்னுத்தாய் மறித்தாள். "என்னங்க, நிரந்தரமாயிருச்சா?"

"அடுத்த வருசம் பாப்போம்னு இயக்குநரு சொல்லிட்டாரு. வந்தவுக எல்லாரும் பூண்டு கேக்குறாக."

அவள் அடுப்புக்கு மேலே தொங்கிய விதைப்பூண்டுக் கட்டுகளை அண்ணாந்து பார்த்தாள். "பாத்துக் குடுங்க. அடுத்த வருசம்னா நமக்கும் வெதை வேணும்ல?"