அறுநூற்றுப் பன்னிரண்டு ஒலிபெருக்கிகள்

அச்சகத்தில் அவருக்குப் புள்ளிக்காரர் என்று பெயர். மெய்ப்புப் பார்ப்பது அவர் வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில், எறும்புத் தலையளவு எழுத்துகளுக்கு நடுவே ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடித்துவிடுவார். தாளில் சிந்திய மைத்துளி, ஓரத்தில் வேலையில்லாமல் நிற்கும் கோடு, எதுவும் தப்பாது. முப்பத்து நான்கு வருஷம் இதைத்தான் செய்தார். வீட்டிலும் கை சும்மா இருக்காது. சோப்பு அட்டையில் அச்சாகியிருக்கும் முகவரியைத் திருத்திவிட்டுத்தான் சோப்பையே வெளியே எடுப்பார்.

அவரிடம் இரண்டு கறாரான வழக்கங்கள் உண்டு. வேலை முடிந்ததும் மொத்தம் எத்தனை திருத்தம் என்று கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதிவிடுவார். திருத்திய பிரதி கைக்கு வந்த மறுநிமிஷமே பழையதைக் கிழித்துப் போட்டுவிடுவார். பழசு மேஜையில் கிடந்தால் யாராவது அவசரத்தில் அதையே அச்சேற்றிவிடுவார்கள். ஒருமுறை அப்படி ஆகி நாலாயிரம் அட்டை குப்பைக்குப் போயிருக்கிறது. நல்ல வழக்கம்தான், யார் குறை சொல்ல முடியும்?

அவர் மனைவி நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் டீச்சர். போன வருஷம் டீச்சரின் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்று நினைத்தார்கள். சளியில்லை. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்ட டாக்டர், மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்.

டீச்சர் ஒரே ஒரு நாள் அழுதார். மறுநாள் முதல்வரைப் பார்த்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டு வந்தார். பாடங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஸ்லைடுகளாகப் போட்டு, ஒவ்வொரு ஸ்லைடிலும் தன் குரலைப் பதிந்துவிடுவது. வகுப்பில் டீச்சர் நிற்பார், குரல் ஓடும், மாணவிகள் கேட்பதற்குப் பலகையில் பதில் எழுதுவார். முதல்வர் சரியென்றார். வேலையும் தங்கும், குரலும் தங்கும்.

மூன்று வாரமும் சாப்பாட்டு மேஜைதான் வகுப்பறை. வெந்நீரைக் குடித்துக் குடித்து, கரகரத்த தொண்டையோடு முப்பத்தொரு பாடத்தையும் பேசி முடித்தார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த காலையில் லேப்டாப்பையும் பென் டிரைவையும் கணவர் கையில் கொடுத்தார்.

"எழுத்துப் பிழை இருக்கும். நீங்க ஒரு தடவை பார்த்து வைங்க," என்றார். டீச்சர் வாயால் அவரிடம் சொன்ன கடைசி வேலை அது.

அறுவை சிகிச்சைக்கு ஆறு மணி நேரம் ஆனது. புள்ளிக்காரர் நடைபாதை நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார். திருத்த ஏதோ இருந்ததால்தான் அவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. எழுத்துப் பிழைகள் மொத்தம் பத்தொன்பதுதான், டீச்சர் சுத்தக்காரி. ஆனால் ஒவ்வொரு ஸ்லைடிலும் சாம்பல் நிறத்தில் குட்டியாக ஓர் ஒலிபெருக்கிப் படம் எழுத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. ஓரிடத்தில் 'நுரையீரல்' என்பதில் பாதியை மறைத்தது. குரல் மெஷினுக்குள் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்பது அவர் நினைப்பு. இந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் தானாகக் குத்திய முத்திரை என்று எடுத்துக்கொண்டார். ஒன்றைத் தட்டி அழித்தார். ஸ்லைடு பளிச்சென்று ஆனது. பிறகென்ன, முப்பத்தொரு பாடத்திலும் ஒன்று விடாமல் அழித்து, சேமித்து, பென் டிரைவில் இருந்த பழைய பிரதிகளை நீக்கிவிட்டுத் திருத்தியதை ஏற்றினார். சட்டைப்பையிலிருந்த சீட்டில் கணக்கும் எழுதினார்: பிழை 19, படம் 612. உள்ளே டாக்டர் டீச்சரின் குரலை எடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், வெளியே இந்த மனிதரும் அதையேதான் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான் அவருக்காகச் சொல்ல முடியும்.

டீச்சர் வீடு திரும்பினார். கழுத்தில் ஒரு துளை, கையில் ஒரு சிலேட்டு. இரண்டு மாதம் கழித்து, திங்கட்கிழமை வகுப்பு தொடங்கும் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது. முன்கூட்டியே வகுப்பறையில் போட்டுப் பார்த்துவிட்டு வரும்படி டீச்சர் எழுதிக் காட்ட, வெள்ளிக்கிழமை புள்ளிக்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனார்.

பள்ளியின் கம்ப்யூட்டர்காரர் முதல் பாடத்தைத் திரையில் போட்டார். சத்தம் வரவில்லை. வயரை மாற்றினார். இரண்டாவது பாடம், ஐந்தாவது, பத்தாவது என்று திறந்து பார்த்தார். பிறகு திரும்பி, ஸ்லைடில் ஒலிபெருக்கி மாதிரி ஒரு படம் இருந்திருக்குமே, அது எங்கே என்று கேட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டையும் ஒன்று விடாமல் அழித்துவிட்டதாகப் புள்ளிக்காரர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

கம்ப்யூட்டர்காரர் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தப் படம்தான் சார் குரலே. அதை எடுத்தா குரலும் சேர்ந்து போயிடும்."

பென் டிரைவைக் கேட்டார் கம்ப்யூட்டர்காரர். கொடுத்தார். அதிலும் பளிச்சென்ற ஸ்லைடுகள்தான். நீக்கிய கோப்புகளை மீட்கும் ஒரு புரோகிராமை ஓட்டினார்கள். பழையது இருந்த இடத்தில் புதியது ஏறி உட்கார்ந்துவிட்டதால் உடைசல்கூடக் கிடைக்கவில்லை. கடைசியாக ஒரு வழி இருந்தது. இந்தக் கோப்பு உண்மையில் ஒரு மூட்டை, பெயரின் வாலில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை மாற்றினால் பிரிக்கலாம், குரல்கள் இருந்தால் உள்ளே ஒரு தனி அறையில் இருக்கும் என்றார் கம்ப்யூட்டர்காரர். ஒவ்வொன்றாகப் பிரித்தார். அறையே இல்லை, அறையே இல்லை என்று போய்க்கொண்டிருந்தது. புள்ளிக்காரர் வேண்டாத தெய்வமில்லை.

இருபத்தேழாவதில் ஒன்று இருந்தது. ஒரு நிமிஷம், பத்து விநாடி.

ஸ்லைடின் எல்லைக்கு வெளியே, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஓர் ஒலிபெருக்கி ஒதுங்கிக் கிடந்திருக்கிறது. சரியாக வராத பதிவை டீச்சர் அங்கே தள்ளிவிட்டு, வேறொன்று பேசியிருக்க வேண்டும். நல்ல பதிவுகளெல்லாம் போய்விட்டன, வேண்டாமென்று ஒதுக்கியது மிஞ்சியது. கம்ப்யூட்டர்காரர் அதை ஓட விட்டார்.

"அடுத்து நாம பார்க்கப் போறது," என்றது டீச்சரின் குரல். கதவு திறக்கும் சத்தம். பிறகு புள்ளிக்காரரின் குரல். இருமல் மருந்துத் தாளில் அரை ஸ்பூன் என்பது ஆறு ஸ்பூன் என்று விழுந்திருந்ததையும், தான் பார்க்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதையும், மேனேஜருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதையும் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்லிக்கொண்டு போகிறார். நடுநடுவே டீச்சரின் "ம்". மூன்று "ம்". கடைசியில், சிரிப்பும் களைப்புமாக:

"முடிச்சிட்டீங்களா? இப்ப நான் பேசட்டுமா?"

அத்தோடு நின்றது. கம்ப்யூட்டர்காரர் ஜன்னலைத் திறக்கப் போவதுபோல் எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் புள்ளிக்காரர் மென்று விழுங்கவில்லை. செருப்போடு நின்றபடியே சொல்லிவிட்டார்.

"நான்தான் அழிச்சேன். எழுத்தை மறைக்குதுன்னு அந்தப் படத்தையெல்லாம் நான்தான் எடுத்தேன். அதுலதான் உன் குரல் இருந்துச்சாம்."

டீச்சர் சிலேட்டில் எழுதினார்: பென் டிரைவ்?

"அதுலயும் அழிச்சிட்டேன்."

டீச்சர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று புள்ளிக்காரர் காத்திருந்தார். திட்டவும் குரல் வேண்டுமே. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், மீந்ததைப் போட்டுக் காட்டினார்.

டீச்சர் மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார். முடிந்ததும் விரலைச் சுழற்றி இன்னொரு முறை போடச் சொன்னார். மறுபடியும், மறுபடியும். நாலாவது முறை எந்தப் பொத்தான் என்று தெரிந்துகொண்டு தானே அழுத்திக்கொண்டார். புள்ளிக்காரர் அங்கே நிற்கவில்லை. சமையலறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். டீச்சரின் "ம்" மெல்லிய சத்தம், அவ்வளவு தூரம் வரவில்லை. அங்கே கேட்டதெல்லாம் அவர் குரல்தான், இருமல் மருந்தைப் பற்றி, விடாமல்.