ஐம்பதாவது கிண்ணம்

விரிப்பின் மேல் பரப்பியிருந்த கிண்ணங்களைக் கலம்காஸ் கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்தாள். விரல் நீளவில்லை, உதடு அசையவில்லை. ஆறு. "காலையில எப்பவும் இத்தனை கிண்ணந்தானா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "இத்தனைதான் அக்கா. சின்னவன் இன்னும் எந்திரிக்கல" என்றாள் வீட்டுக்காரி. மனதுக்குள் ஆறு ஏழானது. பொரித்த மாவுருண்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, காற்று படாத சுவரோரமாக நின்று, கோட்டுப் பொத்தானில் ஒட்டக ரோம நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்த பென்சிலை எடுத்து எழுதினாள்.

போஸ்குதிக் ஊரில் யாரும் யாரிடமும் "வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்பதில்லை. ஆளை எண்ணினால் ஆள் குறையும் என்று ஒரு பயம். ஒருமுறை வட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண் வாசலில் நின்று பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணினாள். தாய் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அந்த ஆண்டுப் படிவத்தில் அந்த வீட்டுக்கு நேரே 'தகவல் இல்லை' என்றுதான் இருந்தது. கலம்காஸ் கிண்ணத்தை எண்ணுவாள். கிண்ணத்துக்குக் கண்ணேறு கிடையாது.

அவளுக்கு வயது ஐம்பத்துநான்கு. இருபத்தெட்டு ஆண்டுகளாக ஊராட்சி எழுத்தர். பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்து ஒற்றை அறைதான் அலுவலகம். யார் பெயரையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவாள். ஒரு வாரம் கழித்து அதன் மேலேயே மை. கேட்டால், "ஜனங்க இன்னிக்கு ஒண்ணு சொல்லுவாங்க, நாளைக்கு வேற சொல்லுவாங்க. மையில எழுதிட்டு நான்ல அல்லாடணும்" என்பாள்.

மேசை இழுப்பறையில் பழைய கம்பளிக் காலுறைக்குள் நான்கு ரப்பர் முத்திரைகள் கிடக்கின்றன. முதல் முத்திரை இருந்த காலத்தில் ஊர் தெற்கு வட்டத்தில் இருந்தது. பிறகு அந்த வட்டத்தையே கலைத்து வடக்கோடு சேர்த்தார்கள். ஒன்பது ஆண்டு கழித்து வட்டம் திரும்ப வந்தது, பெயர் மட்டும் மாறியிருந்தது. அப்புறம் ஊராட்சியின் பெயரும் மாறியது. ஒரு வீடும் ஒரு அடிகூட நகரவில்லை. கிணறு நின்ற இடத்திலேயே நிற்கிறது. "நாங்க உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கோம். வட்டந்தான் எங்க தலைக்கு மேல போயிட்டுப் போயிட்டு வருது" என்பான் அவள் கொழுந்தன் ஓங்கார்பாய்.

ஒட்டகம் வளர்ப்பவன் அவன். வாயைத் திறந்தால் கேலி. பதிவேட்டோடு அவள் போகும்போதெல்லாம் மறிப்பான். "மதினி, என் பெட்டை ஒட்டகத்துக்கும் ஒரு வரி ஒதுக்கு. பேரு இருக்கு, வயசு இருக்கு, வீம்பு இருக்கு. மனுஷனுக்கு வேற என்ன வேணும்?"

"அதுக்குப் பேசாம இருக்கத் தெரியும். அதுக்காகவே உன் வரியை அதுக்குக் குடுத்துரலாம்."

தேநீர் ஊற்றுவதில் அவளுக்கு நல்ல பெயர். ஒட்டகப்பால் விட்ட கறுத்த தேநீர். ஒரு கிண்ணத்திலும் பாதிக்கு மேல் ஊற்ற மாட்டாள். பாதி ஊற்றினால் 'இரு, இன்னும் ஊற்றுகிறேன்' என்று பொருள். விளிம்பு வரை ஊற்றினால் 'குடித்துவிட்டு எழுந்து போ'. எந்த வீட்டிலும் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ரயிலடியிலிருந்து வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் பத்தொன்பது நாள் தங்கினார். இருபதாம் நாள் காலை கலம்காஸ் அவர் கிண்ணத்தை விளிம்பு தட்ட நிரப்பி முன்னால் வைத்தாள். மதியத்துக்குள் அவர் லாரி ஏறிவிட்டார். ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. அவள் மட்டும் சிரிப்பதில்லை. "பாவம், ரெண்டு மிடறு மிச்சம் வச்சுட்டுப் போயிட்டார்" என்பாள்.

அவள் வேலைமுறையில் இன்னொரு வழக்கம் உண்டு. வட்ட அலுவலகத்துக்கு அது தெரியாது. இறந்தவர் பெயரை உடனே அடிக்க மாட்டாள். ஓர் ஆண்டு நிறைந்து, குதிரை அறுத்து, சுற்றுப்பட்டு ஊர்களை அழைத்து வருஷ விருந்து போட்டு, கல்லறையில் கல்லும் நட்ட பிறகுதான் அந்தப் பெயரின் மேல் கோடு விழும். அதுவரை அந்த வீட்டில் அவருடைய கிண்ணம் விரிப்பில் இருக்கும்; அவள் எண்ணுவதும் கிண்ணத்தைத்தானே. இதில் பொய் சொல்கிறோம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆள் வீட்டை விட்டு எழுந்து போக ஒரு வருஷம் ஆகும் என்பதுதான் ஊரின் கணக்கு. ஊரில் எழுபது, எண்பது பேர் இருந்த காலத்தில் ஒரு பெயர் முன்னே பின்னே இருந்தால் யாருக்கு என்ன?

இப்போது பதிவேட்டில் இருப்பது ஐம்பது பேர்.

ஐம்பதுக்குக் கீழே போனால் போஸ்குதிக் தனி ஊராக இருக்காது. அறுபது கிலோமீட்டர் தள்ளி, ரயில் பாதையோரம் இருக்கும் தாஸோபாவோடு சேர்த்துவிடுவார்கள். சேர்த்தால் வாரம் இருமுறை வரும் தண்ணீர் லாரி நிற்கும். கிணற்றுத் தண்ணீர் ஒட்டகத்துக்குத்தான் ஆகும், அவ்வளவு உப்பு. நான்காம் வகுப்பு வரையுள்ள பள்ளியை மூடுவார்கள். மருத்துவத் தாதி மாக்கிஷ் கைப்பெட்டியோடு தாஸோபாவுக்குப் போக வேண்டியதுதான். வரைபடத்தில் ஒரு புள்ளி அழியும். புள்ளி அழிந்த இரண்டே குளிர்காலத்தில் வீடுகளின் கதவும் ஜன்னலும் கழன்று போவதைக் கலம்காஸ் தன் ஊராட்சியில் இருந்த வேறு இரண்டு ஊர்களில் பார்த்திருக்கிறாள். அந்த ஊர்களின் கடைசிக் கடிதங்களில் முத்திரை குத்தியது அவள்தான்.

ஐம்பதாவது பெயர் செய்த்காலி. அவள் கணவன்.

போன ஆண்டு செப்டம்பர் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கையில் வாளியோடு சாய்ந்தார். வயது அறுபத்தொன்று. ஓய்வூதியத்துக்கு இரண்டு ஆண்டு இருந்ததால் எந்த அலுவலகமும் அவரைத் தேடவில்லை. ஊரில் யார் இறந்தாலும் தகவல் படிவத்தை நிரப்பி அனுப்புவது கலம்காஸின் வேலை. அவருடையதையும் நிரப்பினாள். மாக்கிஷ் கையெழுத்திட்டாள். படிவம் முத்திரைகளுக்குப் பக்கத்தில் இழுப்பறையில் இருக்கிறது. அவருடைய நீல விளிம்புக் கிண்ணத்தைக் காலைதோறும் வாசலுக்கு எதிரே, அவர் உட்காரும் இடத்தில் வைக்கிறாள். பாதி ஊற்றுகிறாள். ஆறியதும் எடுத்துக் கழுவுகிறாள்.

வருஷ விருந்துக்கு இன்னும் மூன்று வாரம். குதிரை கொழுத்துவிட்டது. ஏழு ஊருக்குச் சொல்லியாக வேண்டும். கல்லும் ஆகஸ்டிலேயே வந்து முற்றத்தில் கிடக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புக் கல், பெயரும் இரண்டு தேதிகளும் செதுக்கியது. அந்த நேரத்தில்தான் வட்ட அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. வியாழக்கிழமை ஓர் அதிகாரி வருகிறார். வீடு வீடாகப் போய் அடையாள அட்டையையும் ஆளையும் நேரில் பார்ப்பார். அன்றைக்கு இருக்கும் எண்ணிக்கைதான் முடிவு.

அதிலிருந்து அவளுக்குக் காலில் சக்கரம். ஒரே வாரத்தில் எல்லா வீட்டுக்கும் மூன்று முறை போய்விட்டாள். "அக்கா, எங்க தேயிலை டப்பா காலியாகிட்டு வருது" என்று கிண்டல் செய்தார்கள். அவள் ஒவ்வொரு முறையும் கிண்ணங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தன் வீட்டு நீல விளிம்பைத் தவிர்த்தால் நாற்பத்தொன்பதுதான் வந்தது. துர்திபாயின் மகள் குனிந்து மாவு பிசையும்போது அவள் வயிற்றைப் பார்த்து, நாலு மாசம், இன்னும் அஞ்சு மாசம் ஆகும் என்று கணக்குப் போட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறக்காத பிள்ளையையும் எண்ணிவிட்டோமே என்று வாசலுக்கு வந்து மூன்று முறை துப்பினாள்.

செவ்வாய்க்கிழமை ஓங்கார்பாய் வந்து உட்கார்ந்தான். கேலி இல்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"மதினி, விருந்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிருவோம்."

அவள் விரிப்பின் சுருக்கத்தை நீவினாள்.

"ஏழு ஊரைக் கூப்பிட்டு விருந்து வச்சா வட்டத்துக்குத் தெரியாமப் போகுமா? அண்ணன் இருக்கார்னே இருக்கட்டும். அண்ணன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார். உயிரோட இருந்தப்பவே ஊருக்கு ஒண்ணுன்னா முதல்ல நிப்பார்ல?"

"அடுத்த வருஷம் வேற ஒருத்தர் வந்து கேட்டா?"

"அதுக்கு அடுத்த வருஷம் வைப்போம்."

"அப்ப அவர் எப்பத்தான்டா போறது?"

ஓங்கார்பாய் தொப்பியையே பார்த்தான். கூட வந்திருந்த மாக்கிஷ்தான் பேசினாள். "அக்கா, நான் உங்களைக் கட்டாயப்படுத்தல. ஆனா துர்திபாய் மகளுக்கு பிப்ரவரியில வலி வந்து, நான் இங்க இல்லாம இருந்தா, அறுபது கிலோமீட்டர் பனியில..." மூவரும் போய்க் கல்லின் மேல் கம்பளியைப் போட்டு மூடினார்கள்.

வியாழக்கிழமை வந்த அதிகாரி ஜான்செரிக் சின்ன வயதுக்காரன். கெட்டவனில்லை. கையில் பலகைக் கணினியோடு எல்லா வீட்டிலும் அட்டையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், மரியாதைக்கு ஒரு வாய் தேநீர் குடித்தான். "பதினோரு ஊர் அக்கா எனக்கு. ரெண்டு ஊர் ஏற்கெனவே போச்சு. என் வண்டியைப் பார்த்தா நாய்கூடக் குலைக்க மாட்டேங்குது" என்றான். நாற்பத்தொன்பது முடிந்திருந்தது. கலம்காஸையும் பார்த்தாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு பெயர்.

ஓங்கார்பாயும் மாக்கிஷும் காத்திருந்த கலம்காஸின் முற்றத்துக்கு வந்ததும் காலணிக்குள் போன மணலைத் தட்ட இடம் தேடினான். தேடி, கம்பளி போர்த்திய கல்லின் மேல் உட்கார்ந்தான். மாக்கிஷ் கையிலிருந்த பெட்டியை இறுகப் பிடித்தாள்.

"நல்லா குளுகுளுன்னு இருக்கே. என்ன இது?"

"உப்புக்கட்டி" என்றான் ஓங்கார்பாய் சட்டென்று. "ஒட்டகம் நக்குறதுக்கு."

கலம்காஸ் உள்ளே போனாள். அடுப்பிலிருந்து கெண்டியை எடுத்தாள்.

விரிப்பைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தார்கள். அவள் கிண்ணங்களை வைத்தாள். ஜான்செரிக்குக்கு ஒன்று, மாக்கிஷுக்கு ஒன்று, ஓங்கார்பாய்க்கு ஒன்று, தனக்கு ஒன்று. நான்கிலும் பாதி ஊற்றினாள். பழகிய கை நீல விளிம்பையும் எடுத்து வாசலுக்கு எதிரே வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள்.

ஜான்செரிக்கும் பார்த்தான். "இது செய்த்காலி அண்ணனுக்கா? ஆள் எங்க?"

"ஒட்டகம் தேடிப் போயிருக்கார்" என்றான் ஓங்கார்பாய். "நாலு நாளாச்சு. ரெண்டு வயசுப் பெட்டை ஒண்ணு மேற்கால போயிருச்சு. அது கிடைக்காம திரும்ப மாட்டார். அவர் குணம் அப்படி."

அந்தப் பக்கத்தில் அது நம்பக்கூடிய பேச்சுதான். ஒட்டகம் தேடிப் போனவன் பத்து நாள் கழித்தும் வருவான். ஜான்செரிக் திரையைப் பார்த்தான். காலியாக இருந்த ஒரு கட்டத்தின் மேல் அவன் விரல் நின்றது. நம்பத்தான் அவனுக்கும் ஆசை.

"ஆளைப் பார்க்காம எழுதக் கூடாது. பரவாயில்ல. எழுத்தர் நீங்களே இருக்கீங்க. நீங்க ஒரு வார்த்தை 'ஆமா'ன்னு சொல்லுங்க அக்கா. ஐம்பதுன்னு போட்டுட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிருவேன்."

யாரும் தேநீரைத் தொடவில்லை. மாக்கிஷ் தன் பெட்டியைப் பார்த்தாள். ஓங்கார்பாய் மதினியைப் பார்த்தான், கண்ணால் கெஞ்சினான். வெளியே தண்ணீர் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. குடங்களையும் தகர வாளிகளையும் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள்.

கலம்காஸ் சற்று நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எட்டி நீல விளிம்புக் கிண்ணத்தை எடுத்தாள். அதில் படிந்திருந்த பழைய தேநீர்க் கறையைத் துணியால் துடைத்தாள். பால் விட்டாள். கெண்டியைச் சாய்த்தாள். தேநீர் பாதிக்கு வந்தது. அவள் கெண்டியை நிமிர்த்தவில்லை. முக்கால் ஆயிற்று. நீலக் கோட்டைத் தொட்டது. இனி ஒரு சொட்டும் கொள்ளாது என்கிற வரை ஊற்றினாள்.

ஜான்செரிக் திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டான்.

அவள் கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல், வாசலுக்கு எதிரே ஆளில்லாத அந்த இடத்தில் வைத்தாள்.